பனர் கட்டியாச்சே அம்மா

தம்பி,

நீ நன்றாகச் சாப்பிட்டிருப்பாய் என்று எனக்குத் தெரியும். வவுனியாவில் உன் மாமி வீட்டில் தங்கிய எவரும் பசியோடு படுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே சுகம் விசாரிப்பதை விட்டுவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ "ஓம் அம்மா, ஓம் அம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பாய். பிள்ளை கேட்டுக்கொண்டான் என்று நம்பி நானும் வைத்துவிடுவேன். அந்த ஓம், "இந்தக் கதையை விடுங்கோ அம்மா" என்பதைத்தான் மரியாதையாகச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு இத்தனை வருடங்கள் பிடித்தன. கடிதத்துக்கு ஓம் போட்டுத் தப்ப முடியாது. கடைசிவரை வாசித்துத்தான் ஆகவேண்டும்.

முற்றத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். சிறுபோக நெல் காய்கிறது. அப்பா புதுப் படங்கு ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, நெல்லைப் பரவிவிட்டு, கோழிகளை என் பொறுப்பில் விட்டு வயலுக்குப் போய்விட்டார். மடியில் முன்பள்ளிப் பிள்ளைகளின் வரைதல் கொப்பி ஒன்று, அதன் மேல் இந்தத் தாள், பக்கத்தில் ஒரு தடி. சோளகக் காற்று வேறு தாளை இழுக்கிறது. எழுத்து எங்காவது கோணிப் போயிருந்தால் அந்த இடத்தில் கோழி வந்தது என்று எடுத்துக்கொள். நாளைக்கு அப்பா டிராக்டருக்கு பெல்ட் வாங்க வவுனியாவுக்கு வருகிறார். கடிதம் அவர் கையால்தான் உனக்கு வரும். அவர் பிரித்துப் பார்க்கமாட்டார். பார்த்தாலும் பரவாயில்லை. அவரைப் பற்றி நான் எழுதப்போவதை முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வெட்கம். இப்படியாவது தெரிந்துகொள்ளட்டும்.

வெள்ளிக்கிழமைக்குள் நீ இரண்டு இடங்களுக்கும் பதில் சொல்லவேண்டும். ஒன்று கொழும்பிலே உள்ள அந்தப் பேர்போன கல்லூரி. அதன் பேரைச் சொன்னால் கிளிநொச்சி வங்கியில் மனேஜர் கூட எழும்பி நின்று கதைப்பார். அதற்கு ஆகும் செலவை முழுதும் தான் பார்ப்பதாகக் கனடாவிலிருந்து உன் மாமா, என் தம்பி, சொல்லியிருக்கிறான். மற்றது வட இந்தியாவில் மலையடிவாரத்தில் ஒரு ஊர். அந்த ஊரையும் இங்கே ஒருவருக்கும் தெரியாது, அங்கே இருக்கும் பல்கலைக்கழகத்தையும் தெரியாது. அப்பாவுக்கு அந்த ஊரின் பேர் இன்னும் வாயில் வரவில்லை. ஆனால் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றுக்குமாக முழுப் புலமைப்பரிசில் தருகிறார்கள். இரண்டிலும் நீ படிக்கப்போவது ஒரே சிவில் பொறியியல்தான். அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கான வெட்டுப்புள்ளியைக் கொஞ்சத்தில் தவறவிட்டுவிட்டு, ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்து சீமெந்து மூட்டைகளோடு நின்ற பிள்ளைக்கு இரண்டு கதவுகள் ஒன்றாகத் திறந்ததே பெரிய புண்ணியம்.

ஞாயிற்றுக்கிழமை போனில், "அப்ப இந்தியாவுக்கு என்ன சொல்லப்போறாய்?" என்று கேட்டேன். உனக்குப் பின்னால் மாமி வீட்டு மின்விசிறி கடகடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "பனர் கட்டியாச்சே அம்மா. இனி என்ன செய்யிறது" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் நம்பவில்லை.

பனர் கதையை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார்கள். கொழும்புக் கல்லூரியிலிருந்து செய்தி வந்த அன்று உன் அப்பா சந்தித் தேத்தண்ணிக் கடைக்குப் போனார். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயைத் திறக்காத மனிதர் அன்று அங்கே இருந்த எல்லாருக்கும் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். விளையாட்டுக் கழகத்துத் தலைவர் சுதன் அங்கே நின்றிருக்கிறான். அதற்கு மேல் சொல்லவேண்டுமா? எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை வயதுக்கு வந்து சாமத்தியப்பட்டால் பனர், ஒருவர் செத்து வருடம் திரும்பினால் பனர், வெளிநாட்டிலிருந்து ஒருவர் லீவில் வந்து இறங்கினால் பனர். படிக்கப் போகிறவனுக்குக் கட்டாமல் விடுவார்களா? நீ போவதா இல்லையா என்று ஒருவரும் உன்னைக் கேட்கவில்லை. உன் படமும் அவர்களிடம் இல்லை. சித்தப்பா மகளின் கல்யாணத்தில் நீ லட்டை வாயில் வைத்துக்கொண்டு நின்ற படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து, லட்டை அழித்து, யாரோ ஒருவருடைய கோட்டையும் டையையும் மாட்டிவிட்டார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் உனக்குக் கழுத்தே இல்லை, தலை மட்டும்தான் இருந்தது. "தர்மபுரம் மண்ணின் மைந்தன்" என்று மேலே எழுதி, உன் பேரைவிடப் பெரிய எழுத்தில் கல்லூரியின் பேரைப் போட்டு, சந்தியில் கட்டியிருந்தார்கள்.

நான் சிரித்தேன் என்று நினைக்காதே. முன்பள்ளிக்குக் குறுக்கு வழியால் போகிறவள் அந்தக் கிழமை முழுக்கச் சந்தியால் சுற்றித்தான் போனேன். அப்பா தீப்பெட்டி வாங்கப் போகிறேன் என்று பின்னேரம் பின்னேரம் சைக்கிளை எடுத்தார். வீட்டில் சேர்ந்த தீப்பெட்டிகளை வைத்து ஒரு கடை போடலாம். பனரைப் படம் எடுத்து நான்தான் மாமாவுக்கு அனுப்பினேன். அவன் அதைக் கனடாவில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் அனுப்பிவிட்டான். இதெல்லாம் முடிந்து ஊரும் அடங்கிய பிறகுதான் இந்தியச் செய்தி வந்தது.

அது வந்த அன்று நீ போன் எடுத்தது எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. கடையில் சாப்பாட்டு நேரம், சீமெந்து மூட்டைகளுக்குப் பின்னால் நிற்கிறேன் என்றாய். "அம்மா, கிடைச்சிட்டுது" என்றாய். அதற்குப் பிறகு உனக்கு மூச்சு விட நேரமில்லை. அந்த ஊருக்கு மேலே பெரிய அணைக்கட்டு ஒன்று இருக்கிறதாம், முதலாம் வருடப் பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போவார்களாம், ஆறு பச்சை நிறமாம், குளிருமாம். சின்ன வயதில் குளம் நிறைந்து வான் வழியே தண்ணீர் பாயத் தொடங்கினால் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவாயே, அதே குரல். கொழும்புச் செய்தி வந்தபோதும் நீ போன் எடுத்தாய். "சந்தோசம் அம்மா" என்றாய். அது, வயிறு நிறைந்த பிறகு மாமி இன்னொரு அகப்பைச் சோறு போடும்போது "நல்லாயிருக்கு மாமி" என்பாயே, அந்தக் குரல். நான் பெற்ற பிள்ளையின் இரண்டு குரலுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியாதா?

இப்போது பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். உனக்கு நினைவிருக்கும். ஆறாம் வகுப்புக்கு உன்னை எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்துக் கிளிநொச்சியில் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். ஊரில் கெட்டித்தனமான பிள்ளைகள் எல்லாம் போனார்கள், நீயும் போனாய். விடிய எழும்பி, பஸ்ஸில் நெரிபட்டு, அங்கே கடைசிப் பிரிவில் கடைசி வாங்கில் இருந்தாய். கணக்கு ஆசிரியருக்கு வருடம் முடியும்வரை உன் பேர் தெரியாது. பின்னேரம் வந்து சப்பாத்தோடேயே கட்டிலில் விழுந்து நித்திரை கொள்வாய். பெரிய பள்ளிக்கூடத்தில் படிப்புக் கூட, பிள்ளை களைத்துப் போகிறான் என்று நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். புள்ளிகள் வந்த பிறகுதான் எனக்கு வெளித்தது. உன்னைத் திரும்ப ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவந்தோம். "ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். நீ சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டே, "நீங்கள் எல்லாரிட்டையும் சொல்லிப்போட்டியளே அம்மா" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ பனரைப் பற்றிச் சொன்னபோது எனக்கு அந்தச் சப்பாத்து நாடாதான் கண்ணுக்குள் வந்தது. நாங்கள் ஊருக்குச் சொல்லிவிட்டோம் என்பதற்காக ஒரு வருடம் வாய் திறக்காமல் பஸ்ஸில் நின்ற பிள்ளை நீ. இது நாலு வருடம். அதற்குப் பிறகு ஆயுளுக்கும் அதுதான். இந்த முறையும் எங்களுடைய பெருமையை நீ சுமக்கப் போகிறாயோ என்றுதான் எனக்குப் பயம். இதற்காகத்தான் இந்தக் கடிதம். மற்றதெல்லாம் நான் வழக்கமாக அலட்டுவதுதான்.

ஆனால் தம்பி, பேரிலே என்ன இருக்கிறது என்று நான் உனக்குச் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் நல்ல பேரோடு பிறந்தவர்கள். என் அப்பாவும் அம்மாவும் மலையகத்திலிருந்து கலவரத்தில் கையில் அகப்பட்டதோடு ஓடிவந்து இந்த மண்ணில் காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூப்பிட ஒரு சொல் வைத்திருந்தார்கள். உனக்கு அந்தச் சொல் தெரியும், இங்கே எழுத எனக்கு மனமில்லை. "நீங்கள் எவ்விடம்?" என்று யாராவது கேட்டால், பதிலைச் சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். முகம் மாறும். அப்படி வளர்ந்தவளுக்குப் பேரின் அருமை தெரியாமல் இருக்குமா? அந்தக் கல்லூரியின் பேர் உனக்குப் பின்னால் இருந்தால் உன் முகத்துக்கு முன்னால் யாருடைய முகமும் மாறாது என்று நானும் நினைத்தேன். பனரைப் பார்க்கச் சந்தியால் சுற்றிப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

உன் மாமி இருக்கிறாரே, அப்பாவின் அக்கா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பெருமையோடு எங்கள் கல்யாணத்துக்கு வந்தவர், என் அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. "எனக்குச் சுகர்" என்றார். அப்போது அவருக்குச் சுகர் இல்லை. இப்போது உண்மையாகவே இருக்கிறது, எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு கரண்டி சீனி போடச் சொல்லிக் குடிக்கிறார். யுத்தம் முடிந்து நாங்கள் முகாமில் இருந்த காலத்தில் சோற்றுப் பார்சலோடு வந்து, முள்ளுக் கம்பிக்கு அந்தப் பக்கம் வெயிலில் வரிசையில் நின்றவர் அவர்தான். அப்படி நின்ற பிறகு எங்களுக்குள் தேத்தண்ணிக் கணக்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆகவே, "எங்கட குடும்பத்தில ஒரு பிள்ளையாவது அந்த வாசலால உள்ளுக்குப் போகட்டும்" என்று அவர் உனக்குச் சோறு போடும்போதெல்லாம் சொல்வதை நீ பாரமாக எடுக்காதே. அன்பாகத்தான் சொல்கிறார். அதற்காக அன்பாகச் சொல்வதை எல்லாம் கேட்கவேண்டும் என்றும் இல்லை.

அந்த முகாமில்தான் நான் ரீச்சர் ஆனேன். உனக்கு அப்போது ஐந்து வயது. பிள்ளைகள் புழுதிக்குள் சும்மா அலைகிறார்களே என்று ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருத்தி, மண்ணிலே விரலால் எழுதப் பழக்கினேன். பயிற்சியும் இல்லை, புத்தகமும் இல்லை. ஊருக்குத் திரும்பி வந்து உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது அதிபர், "முதல் எந்தப் பள்ளிக்கூடம்?" என்று கேட்டார். நீதான், "அம்மாவின்ர பள்ளிக்கூடம்" என்றாய். அதிபர் சிரித்துவிட்டு ஒரு பத்திரிகையை எடுத்து வாசிக்கச் சொன்னார். நீ தலைப்பைக் கடகடவென்று வாசித்தாய். அப்போது அப்பா பின்பக்கம் திரும்பி நின்றது எதற்கு என்று எனக்குத் தெரியும்.

மாமாவிடம் நேற்றுப் பேசினேன். அவன் மனம் நோகும் என்றுதான் நீயும் யோசிக்கிறாய் என்று எனக்குப் படுகிறது. அவன் இரண்டு வேலை செய்கிறான். ஒன்று முடிந்து மற்றதற்குப் போகும் வழியில் காருக்குள் இருந்துதான் என்னோடு கதைப்பான். இந்தியச் செய்தியைச் சொன்னேன். நீ அணைக்கட்டைப் பற்றிச் சொன்னதையும் சொன்னேன். கார் ஓரமாக நிற்கிற சத்தம் கேட்டது. பிறகு, "நான் படிக்கேல்லை அக்கா. அவன்ர படிப்பில எனக்கும் ஒரு பங்கு இருக்கட்டும் எண்டு நினைச்சன். அந்த யுனிவேசிற்றியே எல்லாத்தையும் குடுத்தா நான் என்ன செய்யிறது?" என்றான். "அங்க குளிராம். நல்ல ஜம்பர் ஒண்டு வாங்கி அனுப்பு" என்றேன். "பனிக்குள்ள இருக்கிறவனுக்கு நீ குளிரைப் பற்றிச் சொல்லித்தாறியோ?" என்று சிரித்தான். வைப்பதற்கு முன், "என்ன அளவு எண்டு கேட்டுச் சொல்லு" என்றான். ஆகவே மாமாவைப் பற்றிய கவலையை நீ விடலாம். அவன் ஒருபோதும் உன்னிடம் எதையும் சொல்லிக்காட்டமாட்டான். அவன் இப்போது குளிர்ச் சட்டை தேடிக்கொண்டிருக்கிறான்.

என் விருப்பத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு அம்மா ஒளித்து வைத்தாள் என்று நீ நினைக்கக் கூடாது. எனக்கு நீ கொழும்பில் இருந்தால்தான் நல்லது. பின்னேரம் பஸ் ஏறினால் விடியப் பிள்ளை வீட்டுப் படலையைத் திறப்பான். பொங்கலுக்கு வருவாய், திருவிழாவுக்கு வருவாய், காய்ச்சல் என்றால் நான் வந்துவிடுவேன். இந்தியா என்றால் கடல் கடந்து, அதற்கப்பால் ரயிலில் எத்தனை தூரமோ. அங்கே என்ன சாப்பாடு, யார் சிநேகிதர், எனக்கு ஒன்றும் தெரியாது. படித்துவிட்டு வந்தாலும், "அது எங்க இருக்கு, அப்பிடி ஒரு யுனிவேசிற்றியோ?" என்று நேர்முகப் பரீட்சைக்குப் போகும் இடமெல்லாம் கேட்பார்கள். விளங்கப்படுத்தியே உனக்குப் பாதி ஆயுள் போய்விடும். இதெல்லாம் உண்மையான கஷ்டங்கள். இவற்றை யோசித்துவிட்டு, உனக்கே கொழும்புதான் சரி என்று பட்டால் சந்தோஷமாகப் போ. நான் முதல் ஆளாக நின்று இடியப்பம் கட்டித் தருவேன். ஆனால் யோசித்தவை இவையாக இருக்கட்டும். சந்தியில் இரண்டு கம்பத்துக்கு நடுவில் தொங்கிய ஒரு துணியை யோசித்து நீ எங்கேயும் போகாதே.

தொங்கிய என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா? இனி அப்பாவின் கதை.

ஞாயிற்றுக்கிழமை உன்னோடு பேசும்போது போனை ஸ்பீக்கரில் போட்டுக் குசினி மேசையில் வைத்துவிட்டு மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தேன். அப்பா வயலால் வந்து குசினி வாசலில் நின்றது எனக்குத் தெரியாது. நீ பனரைப் பற்றிச் சொன்னதை அவரும் கேட்டுவிட்டார். கால் கழுவினார், சாப்பிட்டார், கறிக்கு உப்புக் காணாது என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. பிள்ளை அப்படிச் சொல்கிறான், இந்த மனிதருக்கு உப்புத்தான் பெரிதாகப் போய்விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் பின்னேரம் சுதன் மூச்சிரைக்க ஓடிவந்தான். "அன்ரி, அங்கிள் பனரைக் கழட்டுறார்!" நான் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். அப்பா யாரிடமோ ஏணி வாங்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், சந்தியில் கம்பத்தில் சாய்த்து ஏறி நின்றார். காற்றுக்குப் பனர் படபடவென்று அடித்து அவருடைய முகத்தில் மோதியது. தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள் என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. சொந்தப் பிள்ளையின் பனரை ஒரு தகப்பன் கழற்றுகிறான் என்றால் ஊர் என்ன நினைக்கும்? கடைக்காரர், "என்ன அண்ணை, தம்பிக்குச் சரிவரேல்லையோ?" என்று கேட்டார். அப்பா மேலே இருந்தபடி, "எல்லாம் சரி. நெல்லுக் காயப்போடப் படங்கு காணாது" என்றார்.

ஒருவர் இருவர் சிரித்தார்கள். சுதனுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நாங்கள் ஆசையா அடிச்சது அங்கிள்" என்றான். அப்பா இறங்கி வந்து, கயிற்றைச் சுற்றிக்கொண்டே அவனிடம், "கோவிக்காதை தம்பி. அவன் எங்க போறான் எண்டு அவன்தான் சொல்லோணும். நாங்கள் அவனுக்கு முந்திப் போட்டம்" என்றார். சட்டைப் பொத்தான் ஒன்று இல்லாவிட்டால் கடைக்குப் போகாத மனிதர் அவர். ஊர்ச் சிரிப்புக்கு நடுவால் பனரைச் சுருட்டிச் சைக்கிள் கரியரில் வைத்து, ஏணியைத் தோளில் போட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் நடந்தேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து இந்த மனிதரை இவ்வளவு எனக்குப் பிடித்ததில்லை.

ஆகவே நான் இப்போது காவல் இருக்கும் இந்தப் புதுப் படங்கு உன்னுடைய பனர்தான். விரிக்கும்போது நான் படம் இருந்த பக்கத்தை மேலே போட்டேன், அந்தப் பக்கம்தான் வழுவழுப்பு, நெல் கூட்டி அள்ளச் சுகம் என்று. அப்பா குனிந்து அதைப் புரட்டிப் போட்டார். "பிள்ளையின்ர முகத்தில நெல்லைக் கொட்டேலாது" என்றார். இப்போது வெள்ளைப் பக்கம் மேலே, நாலு மூலைக்கும் கல், நடுவில் நெல். நீ கோட்டும் டையுமாக நிலத்தைப் பார்த்துக் குப்புறப் படுத்திருக்கிறாய்.

நாளைக்கு அப்பா வரும்போது இதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டார். பெல்ட் விலை ஏறிவிட்டது என்பார், மாமியின் சுகத்தைக் கேட்பார், கடிதத்தைத் தந்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நிற்பார். நீயும் ஒன்றும் கேட்காதே. வெள்ளிக்கிழமை பதிலை எழுதியவுடன் அவருக்குத்தான் முதலில் போன் எடுக்கவேண்டும். எனக்குப் பிறகு சொல்லலாம். உன்னைக் கேளாமல் இந்த முறை சந்தியில் ஒருவருக்கும் சொல்லமாட்டோம்.

இன்று காலை கிணற்றடியில் அவர் முகம் கழுவிக்கொண்டு நின்றார். நான் வாளியோடு போனவள், மரத்துக்குப் பின்னால் நின்றுவிட்டேன். யாருமில்லை என்று நினைத்து, அந்த இந்திய ஊரின் பேரைத் தனக்குள்ளே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பிழையாகத்தான் வருகிறது.

அம்மா